நரை ஏன் இல்லை? கொங்கில் 'நடுவயது' உருவான கதை

தமிழ் மரபிலக்கணத்தில் பெண்ணின் கதை நாற்பதோடு முடிந்துவிடுகிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பாட்டியல் நூல்கள் அடுக்கும் ஏழு பருவங்களில் கடைசிப் பருவத்துக்கு 32 முதல் 40 வரை என்று வயது சொல்லப்படுகிறது. நாற்பத்தொன்றாவது வயதில் அவள் என்ன ஆகிறாள்? பெயரில்லை. அவள் செத்துப்போகவில்லை, சமைக்கிறாள், களை எடுக்கிறாள், மருமகளோடு சண்டை போடுகிறாள். ஆனால் பிரதியில் இல்லை. இந்தப் பட்டியல் பெண்ணின் வாழ்க்கையை வைத்துப் போடப்பட்டதல்ல, வீதியில் உலா வருகிற அரசனின் கண்ணை வைத்துப் போடப்பட்டது என்று புரிந்துகொண்டால் இந்த மௌனத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆணுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பன்னிரு பாட்டியல் காட்டும் வரிசையில் விடலை முப்பதோடு முடிகிறான், அப்புறம் அவன் முதுமகன். நேரே கிழவன்தான். இடையில் ஒன்றுமில்லை.

எழுதப்பட்ட மரபு விட்டதை வாய்மொழி பிடித்துக்கொண்டது, அதுவும் வசையாக. 'நாப்பது வயசுல நாய்க்குணம்' என்பார்கள். யாரைப் பார்த்துக் குரைக்கிறது அந்த நாய், ஏன் குரைக்கிறது என்று பழமொழி கேட்பதில்லை. நாற்பதில் ஒருவருக்குக் கோபம் வரும் என்பதை மட்டும் ஊர் கவனித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு அதே கோபத்துக்கு வேறு பெயர்கள் வந்துவிட்டன: மன அழுத்தம், வாழ்க்கை மாற்றம், உணர்வு முதிர்ச்சி. இந்தப் பெயர்களோடு வகுப்புகள், முகாம்கள், பயிற்சியாளர்கள், கட்டண விவரங்கள். கோயமுத்தூரிலிருந்து மேற்கே போனால் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒன்று, பொள்ளாச்சி தாண்டினால் ஆழியாறில் ஒன்று. இந்தியாவிலேயே 'நடுவயது மனம்' என்ற ஒன்றை இவ்வளவு பெரிய அளவில் கையாளும் வட்டாரங்கள் அதிகம் இருக்காது. இது ஏன் இங்கே, ஏன் இந்தக் காலத்தில் என்பதுதான் என் கேள்வி. யோகம் நல்லதா கெட்டதா என்பதல்ல.

சங்கப் பாட்டொன்றிலிருந்து தொடங்கலாம். வயது இவ்வளவு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். புறநானூற்றின் 191ஆம் பாட்டில் அவர் சொல்லும் பதிலில் மூச்சுப் பயிற்சி கிடையாது, பத்தியம் கிடையாது. மனைவி மாண்புள்ளவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் அல்லாதது செய்யாமல் காக்கிறான், இவற்றுக்கெல்லாம் மேலே என் ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். இதை நாம் பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்கப் பாடமாகப் படித்துத் தொலைத்துவிட்டோம். கட்டுடைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, நரைக்கான காரணம் உடம்புக்குள் இல்லை. வீட்டிலும் அரசிலும் ஊரிலும் இருக்கிறது. இரண்டாவது, இந்த நலம் யாருடைய முதுகின்மேல் நிற்கிறது என்பது. அந்த ஏவலருக்கு நரைத்ததா என்று பாட்டுக்குத் தெரியாது. மனைவிக்கு நரைத்ததா என்றும் தெரியாது. வெளியே இருக்கும் காரணங்கள், பங்கில்லாத நலம்: இந்த இரண்டு இழைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கொங்குக்கு வருகிறேன்.

கொங்கு வேளாளர் மத்தியில் 'எழுதிங்கள்' என்றொரு சீர் உண்டு. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துச் செய்வது. இந்தச் சீர் ஆன பிறகுதான் அவள் மற்றவர் சடங்குகளில் சீர்க்காரியாக முன்னே நிற்கலாம். ஆகாதவள் தன் சொந்த மகளின் கல்யாணச் சீரிலேயே ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அதேபோல அருமைக்காரர். பிராமணப் புரோகிதர் இல்லாமல் கொங்குக் கல்யாணத்தை நடத்திவைக்கும் அந்தப் பெரியவர் பிறப்பால் மட்டும் அந்தத் தகுதியை அடைவதில்லை. பிள்ளை பெற்று, தம்பதியாக அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டு அருமைக்காரர் ஆகிறார். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும், 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக்கின் 1972ஆம் ஆண்டு நூலிலும் இந்தச் சடங்குலகம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

என் வாசிப்பில் இவை நடுவயதுச் சடங்குகள். பூப்பும் கல்யாணமும் சாவும் மட்டுமே 'கட்டங்கள்' என்று மானிடவியல் பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்டன. கொங்கோ இடையில் இன்னொரு வாசலைக் கட்டி வைத்திருந்தது. இளம் மனைவி என்ற நிலையிலிருந்து, பிறருடைய வாழ்க்கைக்குச் சாட்சியாக நிற்கும் நிலைக்கு ஒரு பெண்ணைக் கடத்திவிடும் வாசல். அவளுடைய முதிர்ச்சியை அவள் 'உணர' வேண்டியதில்லை, ஊர் அறிவித்துவிடுகிறது.

இதைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டால் அது மோசடி. அந்த வாசலில் யாரெல்லாம் நிறுத்தப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். புருஷன் செத்தவளுக்கு வாசல் மூடிவிடும். வெள்ளைச் சீலையோடு அவள் கல்யாண வீட்டின் பின்கட்டுக்குப் போவாள். பிள்ளை இல்லாதவளுக்கு வாசலே திறக்காது. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் இளமையிலேயே சாகிறார்கள், நடுவயது என்பது அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்களைப் பெறுவதற்கு முன் தாமரை பட்ட பாட்டை, பிள்ளையில்லாதவள் என்று வாங்கிய சொல்லை, இருந்த தவத்தை, விடிய விடியப் பாடும் உடுக்கைக்காரர் ஒருநாளும் சுருக்குவதில்லை. கேட்கிற பெண்கள் சுருக்க விடமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. கொங்குத் தோட்டங்களில் பண்ணையாளாக உழைத்த அருந்ததியருக்கு நடுவயது என்பதே மறுக்கப்பட்டிருந்தது. வயது ஏற ஏற மரியாதை ஏறும் என்ற ஏற்பாடு சாதிக்கு உட்பட்டது. ஐம்பது வயதுக்காரரை ஆறு வயதுக் கவுண்டர் வீட்டுப் பையன் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிடுவான். அவர் அந்தப் பையனைச் 'சின்னக் கவுண்டர்' என்று அழைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட வேண்டும். பிரசித்திபெற்ற கொங்குத் தமிழின் இனிமை, அந்த 'ங்க', எந்தத் திசையில் பாய்ந்தது, எந்தத் திசையில் பாயவில்லை என்று ஒரு வரைபடமே போடலாம். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிற நாவிதர் எவ்வளவு வயதானவராக இருந்தாலும் அருமைக்காரருக்குச் சமமாக அமர்ந்ததில்லை. ஆக, 'முதிர்ச்சி' என்பது இங்கே மனநிலையாக இருக்கவில்லை, சொத்தாக இருந்தது. நிலம்போல, கிணறுபோல.

ஈரோட்டில் ஒரு மண்டிக்காரர் தன் நாற்பதாவது வயதில் என்ன செய்தார் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1879இல் பிறந்த ஈ.வெ.ராமசாமி 1919இல் நகர்மன்றத் தலைவர் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரசுக்குப் போகிறார். நாற்பது. 1924இல் வைக்கம். 1925 மே மாதம் 'குடி அரசு' தொடங்கி, அந்த ஆண்டின் முடிவுக்குள் காங்கிரசிலிருந்தும் வெளியே வந்துவிடுகிறார். நாற்பத்தாறு. நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவுக்கு வந்ததும் இதே சமயம்தான். நாகம்மையாருக்கு அப்போது முப்பதுகளின் நடு. வசதியுள்ள வணிகக் குடும்பத்தில் வழக்கமாக இந்த வயதில் நடப்பது வேறு: கோயில் திருப்பணி, தர்மகர்த்தா பதவி, காசி யாத்திரை. ஈரோட்டுக்காரர் இளைஞனாக இருக்கும்போதே காசியைப் பார்த்துத் தீர்த்துவிட்டார். நடுவயதின் அமைதியின்மையை உள்ளே திருப்பிக்கொள்ளாமல் தெருவுக்குக் கொண்டுபோன உதாரணம் கொங்கிலேயே இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைக் குறித்து வைக்கிறேன். அவருக்கு மண்டியும் சொத்தும் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான்.

மில்களுக்கு வருவோம். வயது என்பதை எண்ணாக மாற்றியது மில்தான்.

1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் மில், 1932இல் பைக்காரா மின்சாரம், அதற்குப் பின் வரிசையாக எழுந்த புகைபோக்கிகள் என்று இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதையில் சொல்லப்படாதது வயது. நிலத்தில் வேலை செய்தவனுக்குப் பிறந்த தேதி தேவைப்படவில்லை. மில் கேட்டில் தேவைப்பட்டது. எந்த வயதில் சேரலாம், எந்த வயதில் வெளியேற வேண்டும், எத்தனை வருஷச் சர்வீசுக்கு எவ்வளவு கிராஜுவிட்டி. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். 58 என்ற எண் தொழிலாளியின் வீட்டுக்குள் ஒரு சாமிப் படம்போல வந்து உட்கார்ந்தது. நாட்டின் சராசரி ஆயுட்காலம் சுதந்திரத்தை ஒட்டிய பத்தாண்டில் 32 வருஷம்தான் என்று கணக்கு. குழந்தைச் சாவுகள் இழுத்துவிட்ட சராசரி அது என்றாலும், ஓய்வுபெற்ற பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்ற எண்ணம் உழைக்கும் சாதிகளுக்கு முதன்முதலாகச் சட்டத்தின் வழியாக வந்தது என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சங்கம் வைத்து, அடிபட்டு, வாங்கியது. 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வருக்கும் நடுவயது வாய்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வாய்த்தது.

வாய்த்தது எப்படிப்பட்ட நடுவயது? புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருபது வருஷம் பஞ்சுத் தூசியை உள்ளிழுத்த நெஞ்சு. வாரவிடுமுறை முடிந்து திரும்பும் நாளில் மார்பு இறுக்கமாகத் தொடங்கி, பிறகு எல்லா நாளும் இறுகிவிடும் பிசினோசிஸ் நோய் இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பட்டியலில் இருப்பதும் டாக்டர் சீட்டில் இருப்பதும் ஒன்றல்ல. சீட்டில் 'ஆஸ்துமா', 'பீடிப் பழக்கம்' என்று எழுதிவிடலாம்.

மேற்கே 'நடுவயது நெருக்கடி' என்ற சொற்சேர்க்கையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஜாக் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில். வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் தொழிற்சாலை ஆய்வாளர். லண்டனில் கிளேசியர் மெட்டல் கம்பெனியில் தொழிலாளிகளையும் நிர்வாகத்தையும் வருஷக்கணக்கில் கவனித்து 1951இல் ஒரு நூலே எழுதியவர். ஆனால் நடுவயதின் சாவு பயம்பற்றி எழுத உட்கார்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டது ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், கவிஞர்கள் என்று 310 கலைஞர்களின் வாழ்க்கையை. தாந்தே, கோகன் வகையறா. தொழிற்சாலையில் அவர் தினமும் பார்த்த நாற்பது வயது ஆட்களுக்கும் உள்ளே இருட்டு வந்திருக்கும் என்று தோன்றவில்லை போலும். கருத்தாக்கம் பிறக்கும்போதே யாரை வெளியே நிறுத்திவிட்டுப் பிறக்கிறது பாருங்கள்.

கோவையில் அந்த நெருக்கடி ஜாக் சொன்ன வடிவில் வரவில்லை. வி.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தில் வந்தது. நலிந்த மில்களை 1974இல் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி என்று நல்ல பெயர் வைத்து, அந்தப் பணத்திலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 'விருப்ப ஓய்வு.' நாற்பத்தைந்து வயதில் விருப்பம். தனியார் மில்களில் மூடல், கதவடைப்பு, பகுதி பகுதியாகக் கணக்குத் தீர்த்தல். 58க்கும் 45க்கும் இடையில் பதின்மூன்று வருஷம் ஒரு மனிதன் என்ன செய்வான்? காவல்காரன் வேலை, பெட்டிக்கடை, சோமனூர்ப் பக்கம் பவர்லூம், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங். அவன் வீட்டில் சம்பளத்தின் அதிகாரம் போய், மகளோ மனைவியோ கொண்டுவரும் வாரக்கூலியில் சாப்பிடும்போது நாய்க்குணம் வராமல் என்ன செய்யும்.

அவன் விட்டுப்போன இடத்தில் யார் வந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னைத் தூங்கவிடாத பகுதி. 1990களின் பிற்பகுதியிலிருந்து கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பரவிய 'சுமங்கலித் திட்டம்'. பதினைந்திலிருந்து இருபது வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள், பெரும்பாலும் தலித், ஏழைக் குடும்பங்களிலிருந்து, மூன்று வருஷ ஒப்பந்தம், மில் வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல், முடிவில் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாக. 2011இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவனமான சோமோ அறிக்கை வெளியிட்ட பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. ஊருக்கு முன்னமே தெரியும். இதைக் கொத்தடிமை, குழந்தைத் தொழில் என்ற கோணங்களில் சரியாகவே எதிர்த்தோம். இன்னொரு கோணமும் உண்டு: மில் தன் உடம்பிலிருந்து நடுவயதையே வெட்டி எடுத்துவிட்டது. சங்கம் தெரிந்த, நெஞ்சு கெட்ட, பென்ஷன் கேட்கிற நாற்பது வயது ஆண் வெளியே. பதினாறு வயதில் வந்து பத்தொன்பதில் போய்விடும், ஒருபோதும் வயதாகாத பெண் உள்ளே. அவள் வயதாவது வேறெங்கோ, கம்பெனிக் கணக்கில் வராத இடத்தில். அதற்குச் சூட்டிய பெயர் சுமங்கலி. எழுதிங்கள் சீரின் வாசலில் நின்ற அதே சொல். சடங்கின் மொழியை மூலதனம் எவ்வளவு சுலபமாகக் கடன் வாங்கிக்கொள்கிறது!

இதே வருஷங்களில் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் வேறொரு காலியிடம் உருவாகிக்கொண்டிருந்தது. தமிழகத்தில் பிள்ளைப்பேறு விகிதம் முதலில் விழுந்த வட்டாரங்களில் கொங்கும் ஒன்று. நிலம் துண்டாகக் கூடாது, படிப்பு வேண்டும், நகை போட வேண்டும். ஒன்று அல்லது இரண்டு, அதோடு ஆபரேஷன். அந்த ஒன்றிரண்டையும் பத்தாவது முடிந்ததும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய்ப் பூட்டுவது. இருபது இருபத்தொன்றில் கல்யாணமான பெண்ணுக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டில் வீடு வெறிச்சோடிவிடுகிறது. மாமியார் தோட்டத்தில், புருஷன் ஒர்க்ஷாப்பில், பிள்ளை ஹாஸ்டலில். அவளுக்கு எழுதிங்கள் சீரும் இப்போது ஒரு மண்டபத்து விருந்தாகச் சுருங்கிவிட்டது, பல வீடுகளில் கல்யாணத்தோடு சேர்த்தே முடித்துவிடுகிறார்கள். பெயரில்லாத நாற்பத்தொன்றுக்கு அவள் திரும்பவும் வந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில்தான் மன்றங்கள் வருகின்றன. வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறி, கணக்கு வேலை, சித்த ஆயுர்வேத வைத்தியம், துணி வியாபாரம் என்று எல்லாம் பார்த்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, ஐம்பது வயதளவில் தொழிலை விட்டு முழுநேரமாக இதற்கு வந்தவர். 1984இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில். அதே 1984இல் பாரிசில் ஃபூக்கோ, தன்னைப் பேணுதல் பற்றிய நூலை வெளியிட்டுவிட்டுச் செத்துப்போகிறார். இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் சுயத்தைத் தினசரிக் கணக்கெழுதித் திருத்தும் உத்திகள்பற்றி ஃபூக்கோ பழைய ரோமாபுரியில் தேடியதெல்லாம் ஆழியாறில் நடைமுறைப் பாடமாகவே இருந்தது என்பதை நம் கோட்பாட்டாளர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பேருந்தில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

மனவளக்கலையில் உடற்பயிற்சி, தவம், காயகல்பம் ஆகியவற்றோடு நான்காவதாக 'அகத்தாய்வு' என்றொரு பகுதி இருக்கிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று பாடங்கள். தாளை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். யார்மீதெல்லாம் கோபம் என்று பட்டியல். என்னென்ன கவலை என்று பட்டியல். பிறகு கவலைகளை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

இந்தத் தாளை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் இருபத்தைந்து வருஷம் கழித்துத் தன்னைப்பற்றி எழுதும் முதல் தாள் அதுவாக இருக்கலாம். பால் கணக்கும் மளிகைச் சீட்டும் தவிர வேறெதுவும் எழுதாத கை. ஒரு சிற்றூர் மன்றத்தில் நான் உட்கார்ந்திருந்த மாலையில் பக்கத்தில் இருந்த அம்மா தன் கோபப் பட்டியலை முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், பரீட்சை ஹாலில் பிள்ளைகள் மறைப்பதுபோல. "எழுதி முடிச்சதீமு கிழிச்சு வீசிப்போடலாமுங்களா?" என்று மட்டும் ஆசிரியையிடம் கேட்டார். ஆசிரியை அவரை 'அம்மா' என்று அழைத்து, பொறுமையாகப் பதில் சொன்னார். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழுவரை வீட்டை விட்டு வெளியே, காலை மடக்கி உட்கார்ந்து, தன் மூச்சைத் தான் கவனிக்கும் உரிமை. நம் கட்சி அலுவலகங்களில், நம் இலக்கியக் கூட்டங்களில், நாற்பத்தைந்து வயதுக் குடும்பப் பெண்ணுக்கு இப்படி ஒரு பாய் விரிக்கப்பட்டதா? டீ போட்டுக் கொடுப்பதற்குத் தவிர? மன்றத்தைக் கேலி செய்யும் தோழர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அதன் பிறகு அந்த நான்கு பெட்டிகளுக்கு வருவோம். மில் மூடிப் பல வருஷம் ஆகியும் வராத கிராஜுவிட்டி எந்தப் பெட்டி? ஆறு வயதுப் பையன் 'டா' போடுவது? மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் குறைந்தபட்சமாக நிர்ணயித்த பி.எஃப். பென்ஷன்? குடித்துவிட்டு அடிக்கிற புருஷன்? 'உடனே தீர்க்க வேண்டியவை' என்ற பெட்டி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தீர்க்க இன்னொருவரோடு சேர வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று தாளில் கோடு போடப்படவில்லை. பட்டியலை எழுதுவது தனி ஆள், பிரிப்பது தனி ஆள், தீர்ப்பதும் தனி ஆள். பக்கத்துப் பாயில் இருப்பவளின் பட்டியலிலும் அதே நாலு வரிகள் இருக்கக்கூடும் என்பது முழங்கைக்கு அந்தப்பக்கம் மறைந்துபோகிறது. 1970களில் அமெரிக்கப் பெண்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒருவர் பட்டியலை மற்றவர் கேட்கப் படித்தபோது அது இயக்கமானது. அதே தாள்தான். கையை எடுத்தார்கள், அவ்வளவு வித்தியாசம்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி மன்றங்களில் 'மனைவி நல வேட்பு நாள்'. மகரிஷியின் துணைவியார் லோகாம்பாளின் பிறந்தநாள். தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து, கைகோத்து, மலரும் கனியும் மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் வாழ்த்துகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் முகத்தை நேராக ஐந்து நிமிஷம் பார்த்திராத ஆண்கள் அன்றைக்குப் பார்க்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். இதைப் போலி என்று சொல்ல என்னால் முடியாது. எழுதிங்கள் சீரில் பெண்ணுக்கு அங்கீகாரம் கொடுத்தது பிறந்த வீடும் ஊரும். இங்கே கொடுப்பது கணவன் ஒருவன். கிடைத்ததும் இழந்ததும் ஒரே கைமாற்றில் நடந்துவிட்டது. விதவை அன்றைக்கு எங்கே உட்காருவாள் என்ற கேள்வி மட்டும் இரண்டு சடங்கிலும் மாறாமல் இருக்கிறது.

இதற்கப்புறம் வந்தது வேறு ரகம். 1999இல் தியானலிங்கம், 2017இல் பிரதமர் வந்து திறந்துவைத்த 112 அடிச் சிலை, ஆங்கிலத்தில் 'இன்னர் இன்ஜினியரிங்' என்ற வகுப்பு. இந்தப் பெயர் கோயமுத்தூரில் பிரபலமானதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. பம்பு, கிரைண்டர், காஸ்டிங், லேத். மனசு என்பதும் சர்வீஸ் செய்ய வேண்டிய ஒரு மோட்டார்தான் என்றால் இந்த ஊருக்குச் சட்டென்று புரியும். ஆழியாறுத் தமிழில் கவலை, சினம், ஆசை என்ற சொற்களாவது இருந்தன. அவற்றின் பின்னால் வீடும் கடனும் தெரிந்தன. புதிய மொழியில் அனுபவம் மட்டும் இருக்கிறது, ஊர் கழன்றுவிட்டது.

பிசிராந்தையார் தன் பட்டியலில் ஊரைத்தான் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். 1997 நவம்பர் கடைசியில் கோவையில் போலீசும் கும்பலும் சேர்ந்து நடத்திய வெறியாட்டத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் அந்த வருஷங்களில் நடுவயதை அடைந்த ஒரு தாய்க்கு, விசாரணைக் கைதியாக மகன் சிறையில் இருக்க, எந்த அகத்தாய்வு நரையைத் தடுத்திருக்கும்? இதே நகரத்தின் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் நாற்பதைத் தாண்டியவர்கள் வெள்ளைக் காலணியோடு சுற்றுகிறார்கள். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எண்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு நின்றன. அந்தக் கேட்டுகளில் சம்பளப் பாக்கிக்காகக் கொடியோடு நின்றவர்களும் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள்தான். இருவரும் சந்திக்கும் இடம் மருந்துக்கடை.

பெண்ணுடம்புபற்றிச் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. மாதவிடாய் நிற்பதற்குக் கொங்கில் தனிச்சொல் கிடையாது. 'தூரம் நின்னுபோச்சு' என்பார்கள், ஒரு விலக்கு முடிந்தது என்ற பொருளில்தான். வெள்ளியங்கிரி ஏழுமலை ஏற மரபாகச் சொல்லப்படும் விதிப்படி, பூப்படைந்ததிலிருந்து சுமார் ஐம்பது வயதுவரை பெண்களுக்கு அனுமதியில்லை. ஐம்பதுக்கு மேல் போகலாம். பூண்டியில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு முதல் மலைப் படிகளில் ஏறும் வயதான பெண்களைப் பார்த்தால், பேரிளம்பெண்ணுக்கு அப்பால் நம் மரபு திறந்துவைத்த ஒரே கதவு இதுதானோ என்று தோன்றும். முப்பது நாற்பது வருஷம் அடிவாரத்தில் புருஷனின் செருப்புக்குக் காவல் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் விதி வயதைக் கேட்கிறது, ரத்தத்தைக் கேட்பதில்லை. வயிற்றுவலி என்று போய் முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த பெண்கள் இன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் மலை ஏறலாமா, இன்னும் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா என்பதற்கு அடிவாரத்தில் பதில் வைத்திருப்பவர் யாருமில்லை.